மூன்றாம் குழியின் மங்கல் கோடு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கரும்பலகைக்கு வலப்பக்கம் ஒரு படம் தொங்கியது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள். மகனுக்கு இடம் கேட்டு வந்த ஒரு தகப்பனார் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "யாருக்கு சார் எலும்பு முறிஞ்சிருக்கு?" என்று கேட்டார். எலும்பு இல்லை, டி.என்.ஏ. என்றேன். "அப்படியா" என்று மரியாதையாகத் தள்ளி நின்றுகொண்டார். அந்தப் படத்தை எடுத்தவன் நான். அதில் உள்ள தப்பைச் செய்தவனும் நான். அந்தத் தப்பையே வருடக்கணக்கில் பாடமாக நடத்தி, சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டு, மதிப்பெண் கொடுத்தவனும் நான்தான். இதை எழுதினால் மனசு லேசாகிவிடும் என்றெல்லாம் நான் நம்பவில்லை. கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பெரும்பங்கு என்மேல்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் எம்.எஸ்ஸி. படித்தபோது எடுத்த படம் அது. மூலக்கூறு உயிரியல் என்ற பெயரே அப்போது எங்களுக்குப் புதிது. செய்முறை என்னவோ எளிமையானதுதான். வீட்டில் கிண்டுகிற கடல்பாசியைப் போன்ற ஒரு ஜெல்லைத் தட்டில் ஊற்றி உறைய வைப்போம். அதன் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். ஒரு வைரஸின் டி.என்.ஏ.வை வெட்டாமல் முதல் குழியிலும், ஒரு என்சைமால் வெட்டி இரண்டாவதிலும், வேறொரு என்சைமால் வெட்டி மூன்றாவதிலும் விட வேண்டும். பிறகு மின்சாரம் கொடுத்தால் துண்டுகள் ஜெல்லுக்குள் ஊர்ந்து போகும். சின்னது வேகமாக, பெரியது மெதுவாக. கடைசியில் சாயம் ஏற்றிப் புறஊதா விளக்கில் வைத்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு கோடாக ஒளிரும். எந்த என்சைம் எத்தனை இடத்தில் வெட்டியது என்பதை அந்தக் கோடுகளைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

எனக்குக் கை நடுங்கியது. இரண்டாவது குழிக்குப் போக வேண்டியதில் ஒரு சொட்டு மூன்றாவது குழிக்குள் விழுந்துவிட்டது. விளக்கில் வைத்துப் பார்த்தபோது, மூன்றாவது வரிசையில் இருக்கக் கூடாத இடத்தில் மங்கலாக ஒரு கோடு. "மூணாவது வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காரே" என்று பேராசிரியர் கேலி செய்தார். நன்றாக வந்த படங்களை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் வேண்டாத இந்தப் படம் என் கைக்கு வந்தது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்: 'மூன்றாம் குழியின் மங்கல் கோடு என் கைப்பிழை. கணக்கில் எடுக்கக் கூடாது.' அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. உண்மையை எழுதி வைக்க யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில், விலங்கியல் துறையில் வேலை கிடைத்தது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் மில் ஷிப்ட்டுக்குப் போகிறவர்களோடு பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போவேன். முதல் சில வருடம் தவளையும் கரப்பான்பூச்சியும் அறுத்துக் காட்டினேன். அப்புறம் பாடத்திட்டம் மாறி, எம்.எஸ்ஸி.க்கு மூலக்கூறு உயிரியல் வந்தது. துறையில் யாரும் அதைத் தொடத் தயாராக இல்லை. "நீங்கதான மதுரைல படிச்சவரு, எடுத்துக்கோங்க" என்று துறைத் தலைவர் என் தலையில் கட்டினார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

வகுப்பில் நான் குறை வைக்கவில்லை. இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் சொன்னால் தமிழில் நான்கு வாக்கியம் சொல்வேன். ராஜபாளையத்தில் டி.என்.ஏ.வை விளக்குவது சுலபம். இரண்டு இழை சேர்த்து முறுக்கிய நூல் என்றால் போதும். வீட்டுக்கு ஒருவராவது மில்லில் இருப்பார்கள், பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருக்கும். ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்போதுதான் தலை தொங்கிப்போகும்.

கருவிகள் வந்தன. ஜெல் தொட்டி, மின்சாரம் கொடுக்கும் பெட்டி, புறஊதா விளக்கு மேசை, எல்லாம் மரப்பெட்டியில் வைக்கோல் சுற்றி வந்து இறங்கின. துறைத் தலைவர் எல்லாவற்றையும் கண்ணாடிக் கதவு போட்ட பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டார். "ஒடஞ்சா யாரு பதில் சொல்லுதது? ஸ்டாக் ரிஜிஸ்டர்ல எங் கையெழுத்துல்ல இருக்கு" என்பார். பிள்ளைகள் செய்து பார்க்க வேண்டாமா என்று கேட்டால், "கண்ணாடி வழியா நல்லாத் தெரியுதே, அது போதாதா?" என்பார். கிண்டலாகச் சொல்லவில்லை. மனிதர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

வருடத்தில் இரண்டு தடவை பீரோ திறக்கும். ஆய்வுக்குழு வரும்போது ஒரு தடவை, ஆயுதபூஜைக்கு ஒரு தடவை. ஆயுதபூஜையன்று எங்கள் லேப் அசிஸ்டெண்ட் எல்லாக் கருவிக்கும் மஞ்சள் பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரிகடலை படைத்துச் சூடம் காட்டுவார். மறுநாள் எல்லாம் மறுபடி உள்ளே போய்விடும். ஒருநாள்கூட வேலை செய்யாத ஆயுதங்களுக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததை நான் எங்கள் துறையில்தான் பார்த்தேன்.

கருவி இல்லாமல் செய்முறை வகுப்பு எப்படி நடத்துவது? மதுரையில் எடுத்த படத்தை வீட்டிலிருந்து கொண்டு வந்தேன். லேப் அசிஸ்டெண்ட் ஆர்வக்கோளாறில் அதை எடுத்துக்கொண்டு போய், சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் கொடுத்து, கண்ணாடி போட்டு வாங்கி வந்தார். கடைக்காரர் படத்தை அட்டையில் பசை தடவி அழுத்தி ஒட்டிவிட்டார். பென்சிலில் நான் எழுதியது பசைக்குள் போய்விட்டது. எனக்குத் திக்கென்றது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

முதல் வருடப் பிள்ளைகளிடம், "அந்த மங்கல் கோட்டை விட்டுட்டு வரையுங்க" என்று வாயால் சொன்னேன். அவர்களில் இரண்டு பேர் மறந்துபோய் வரைந்துவிட்டார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் ரெக்கார்டு நோட்டுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. சீனியர் தன் நோட்டை ஜூனியருக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஜூனியர் செய்முறை வகுப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்க மாட்டான். வீட்டில் உட்கார்ந்து சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுவான். சீனியர் நோட்டில் ஆசிரியரின் சிவப்புக் கையெழுத்து இருக்கிறது, அதனால் அது சரியாகத்தான் இருக்க வேண்டும். இப்படிக் கைமாறிக் கைமாறி அந்தக் கோடு வளர்ந்தது. முதலில் புள்ளி புள்ளியாக இருந்தது. பிறகு மெல்லிய கோடாயிற்று. நாலைந்து வருடத்தில் மற்றக் கோடுகளைப் போலவே தடித்து, பக்கத்தில் அம்புக்குறியும் வந்துவிட்டது. யாரோ ஒரு புத்திசாலி அதற்கு 'அரைகுறையாக வெட்டுப்பட்ட துண்டு' என்று விளக்கமும் எழுதி வைத்தான். படிக்கும்போது எனக்கே கொஞ்சம் நியாயமாகத்தான் பட்டது. நானும் கையெழுத்துப் போட்டேன். தப்பு என்று சொன்னால், சரியானது எது என்று காட்ட வேண்டும். காட்டுவதற்கு பீரோ திறக்க வேண்டும். துறைத் தலைவரிடம் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். சோம்பல் என்றும் சொல்லலாம்.

இங்கே இன்னொருவரைச் சொல்ல வேண்டும். வேறு ஊர்க் கல்லூரியின் மூத்த பேராசிரியர் ஒருவர் வருடந்தோறும் எங்களுக்குச் செய்முறைத் தேர்வு நடத்த எக்ஸ்டெர்னலாக வருவார். அவர் வந்தால் மதியம் துறைத் தலைவர் வீட்டிலிருந்து கறிச் சாப்பாடு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் என்பதால், அவர் ஊருக்குக் கொண்டு போகப் பால்கோவா வாங்கி வருவது என் பொறுப்பு. ஒரு வருடம் அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துச் சொக்கிப்போனார். "இம்புட்டுத் தெளிவா எங்கயும் பாத்ததில்ல" என்று ஒரு தாளில் அச்சாக வரைந்துகொண்டு போனார். அடுத்த வருடம் அவர் எழுதிய செய்முறைக் கையேடு வெளிவந்தது. அதில் என் படம், மங்கல் கோட்டோடு. சுற்றியுள்ள எல்லாக் கல்லூரிகளிலும் அந்தக் கையேடுதான். நான் மதுரையில் சிந்திய ஒரு சொட்டு மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. அவர் அந்தக் கையேட்டை என் கையில் கொடுத்தபோது, "நன்றி சார்" என்றேன். வேறென்ன சொல்வது? என் பகுதிநேரப் பிஎச்.டி.க்கு வழிகாட்டி அவர்தான். நான் எழுதி முடித்த ஆய்வேடு அவர் மேசையில் கையெழுத்துக்காக ஏற்கெனவே இரண்டு வருடமாகக் கிடந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த மாணவி வந்தாள். தளவாய்புரத்துப் பெண். அப்பா நூற்பு மில்லில் வேலை, அம்மா வீட்டில் தையல். முதல் வாரத்திலேயே டி.என்.ஏ. முறுக்கிய நூல் என்று நான் சொன்னதும் எழுந்து நின்றாள்.

"எந்தப் பக்கம் முறுக்கு சார்? எஸ் முறுக்கா, இசட் முறுக்கா?"

எனக்குப் புரியவில்லை. நூலை இடப்பக்கம் முறுக்கினால் ஒரு பெயர், வலப்பக்கம் முறுக்கினால் ஒரு பெயர் என்று அவளே கரும்பலகைக்கு வந்து வரைந்து காட்டினாள். அன்று மாலை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் வலப்பக்கம், இசட் முறுக்கு என்றேன். "அப்ப எங்க மில் நூலு மாதிரித்தான்" என்று உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டதில்லை.

அவளுக்கு மதுரையில் ஆராய்ச்சி செய்ய வேண்டும். நான் படித்த இடத்துக்கே எழுதிப் போட்டிருந்தாள். எழுத்துத் தேர்வு எப்படி இருந்தாலும் செய்முறையில் எண்பதுக்குக் குறையக் கூடாது என்று அங்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள். "எண்பது வாங்கிருவேன் சார், பிராக்டிகல்ல எனக்குப் பயம் இல்ல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா இங்க பிராக்டிகலே இல்லியே சார். அங்க போயி பீரோவப் பாத்திருக்கேன்னா சொல்லுதது?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த நிமிடத்தில்தான் பீரோவைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிப் பெருமாள் குன்று ஒன்று இருக்கிறது. அதற்கும் திருவண்ணாமலை என்றுதான் பெயர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஊரே அங்கே திரளும். எங்கள் துறைத் தலைவர் ஒரு சனிகூடத் தவற விட மாட்டார். அன்றைக்குச் சாவிக்கொத்து லேப் அசிஸ்டெண்டிடம் இருக்கும். இருவரும் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், அந்த நம்பிக்கை. லேப் அசிஸ்டெண்டிடம் சாவியைக் கேட்டேன். "சார், அவியளுக்குத் தெரிஞ்சா எங் கதி அதோகதி" என்றார். பிறகு, "நமக்கும் ஒரு தடவ அது ஓடுதான்னு பாக்கணும்லா" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார்.

முந்தின நாள் மதுரைக்குப் போய், கூடப் படித்த நண்பனிடம் என்சைமும் டி.என்.ஏ.வும் வாங்கி, காப்பி பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். குளிர் விட்டுப்போனால் என்சைம் வீண். காலையில் மாணவர்கள் குச்சி ஐஸ் கம்பெனியிலிருந்து ஐஸ் உடைத்துக் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜெல்தான், அதற்கு மேல் சரக்கில்லை. குழியில் விடும் வேலையை யாரும் செய்ய முன்வரவில்லை. அவள்தான் முன்னால் வந்தாள். ஊசியில் நூல் கோத்துப் பழகிய கை. மூன்று குழியிலும் ஒரு பொட்டு வெளியே சிந்தாமல் விட்டாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

நடுவில் அரைமணி நேரம் கரண்ட் போனது. எல்லோரும் தொட்டியைச் சுற்றி மூச்சு விடாமல் காத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஜன்னல்களைச் சாத்தி, விளக்கு மேசையில் ஜெல்லை வைத்து ஸ்விட்சைப் போட்டேன். பளிச்சென்று மஞ்சள் நிறத்தில் ஏதோ மின்னியது. பிள்ளைகள் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். பார்த்தால் அது டி.என்.ஏ. இல்லை, போன வருட ஆயுதபூஜைக்குப் பூசிய மஞ்சள், கண்ணாடி ஓரத்தில் காய்ந்து கிடந்தது. புறஊதா விளக்கில் மஞ்சள் நன்றாக ஒளிரும். "பாத்தீங்களா சார், நாம கும்பிட்டதுதான் மொதல்ல தெரியுது" என்றார் லேப் அசிஸ்டெண்ட். துடைத்துவிட்டு மறுபடி வைத்தோம். அப்போது கோடுகள் தெரிந்தன. முதல் குழிக்கு நேரே ஒன்று. இரண்டாவதில் ஏணிப்படியாகச் சில. மூன்றாவதில் சில. மூன்றாவதில் அந்த மங்கல் கோடு இல்லை.

"சார், சுவத்துல இருக்கது இதுல இல்லியே" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மதுரை, கை நடுக்கம், சிந்திய சொட்டு, பசைக்குள் போன பென்சில் எழுத்து. இருபத்திரண்டு வயதுக்காரனாக மறுபடி ஆனதைப் போல் இருந்தது. "கண்ணால பாத்தத மட்டும் ரெக்கார்டுல வரையுங்க. சீனியர் நோட்டத் தொடாதீங்க" என்று முழங்கினேன். படம் எடுத்து வைக்கக் கேமரா இல்லை. அவரவர் பார்த்து வரைந்துகொண்டார்கள். மாலைக்குள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துப் பூட்டினோம். துடைத்த இடத்தில் லேப் அசிஸ்டெண்ட் ஞாபகமாகக் கொஞ்சம் மஞ்சளையும் பூசி வைத்தார்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். பதினோரு பேர் வீட்டுக்குப் போய்ச் சீனியர் நோட்டைப் பார்த்து, அம்புக்குறியோடு அந்தக் கோட்டைப் போட்டுவிட்டார்கள். எக்ஸ்டெர்னல் யார், கையேடு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும். நான் சொன்னதை நம்பியது ஒருத்திதான். அவள் நோட்டில் மூன்றாவது வரிசை நான் பார்த்தபடியே இருந்தது. கீழே, 'இந்த இடத்தில் கோடு எதுவும் காணப்படவில்லை' என்று இங்கிலீஷில் ஒரு வரியும் எழுதியிருந்தாள். பன்னிரண்டு நோட்டிலும் நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு விதமான விடையில் ஒரே கையெழுத்து. அப்போதே அந்தப் பதினோரு நோட்டையும் திருப்பிக் கொடுத்திருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது. தேர்வு நெருங்கிவிட்டது, எல்லோரையும் மறுபடி வரையச் சொல்வது கஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

தேர்வன்று எக்ஸ்டெர்னல் நடுவில், நான் ஒரு பக்கம், துறைத் தலைவர் மறுபக்கம். ரெக்கார்டுகளை வரிசையாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் அவள் நோட்டில் நின்றார்.

"ஏம்மா, மூணாவது லேன்ல ஒரு பேண்ட் வரணுமே, அந்தக் கோடு எங்க?"

"இல்ல சார்."

"இல்லன்னா? மத்த பதினோரு பேருக்கு வந்திருக்கு, ஒனக்கு மட்டும் ஏன் வரல?"

"நான் பாத்ததத்தான் சார் வரஞ்சேன்."

"பாத்தியா? எங்க பாத்த?" என்று கேட்டபடி கண்ணாடி பீரோவைத் திரும்பிப் பார்த்தார். துறைத் தலைவரும் நிமிர்ந்தார். ஓரத்தில் நின்ற லேப் அசிஸ்டெண்டின் முகம் வெளுத்துவிட்டது.

புரட்டாசிச் சனி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். எங்கள் இரண்டு பேரையும் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. லேப் அசிஸ்டெண்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

எக்ஸ்டெர்னலும் என் பக்கம் திரும்பினார். "என்ன சார், அந்த பேண்ட் வரும்ல?"

அது என் கைத்தப்பு சார் என்று சொன்னால் போதும். நாலே வார்த்தை. பீரோ திறந்ததைக்கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் அதைச் சொன்னால் அவர் கையேடு தப்பு. அவர் கையேடு தப்பு என்றால் என் ஆய்வேடு அவர் மேசையிலேயே கிடக்கும். சுவரைப் பார்த்தேன்.

"படத்துல இருக்கு சார்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. படத்தில் இருந்தது. அந்த அளவுக்குச் சாமர்த்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. எக்ஸ்டெர்னல் தலையை ஆட்டிவிட்டு, அவள் நோட்டில் பத்துக்கு மூன்று போட்டார். வாய்மொழித் தேர்வில் அவளிடம் அதற்கப்புறம் எதையும் அக்கறையாகக் கேட்கவில்லை. மதியம் கறிச் சாப்பாடு வழக்கம்போல் நடந்தது. பால்கோவாவை மறக்காமல் கொடுத்து அனுப்பினேன்.

அவளுக்குச் செய்முறையில் எழுபத்தாறு வந்தது. மதுரையில் எடுத்துக்கொள்ளவில்லை. நான் நண்பனுக்குக் கடிதம் எழுதினேன். விதி விதிதான் என்று பதில் வந்தது. சான்றிதழ் வாங்க வந்த அன்று, அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன், கண் வறண்டு இருந்தது.

"அது ஒங்க கைத்தப்புன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"பொறவு ஏன் சார் சொல்லல?"

சூழ்நிலை, அப்புறம், உனக்கு என்ன, கெட்டிக்காரி, வேறு வழி கிடைக்கும் என்று ஏதேதோ உளறினேன். அவள் முழுவதும் கேட்டாள். "சரி சார், வாரேன்" என்று போய்விட்டாள். திட்டியிருக்கலாம். அவள் திட்டாமல் போனதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

இரண்டு மாதத்தில் என் ஆய்வேடு கையெழுத்தாகி வந்தது. பெயருக்கு முன்னால் டாக்டர் சேர்ந்தது. துறையில் மாலை போட்டார்கள். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தப் படத்தை ஆணியிலிருந்து இறக்கி, அட்டையிலிருந்து பிரித்துப் பார்த்தேன். பசையோடு தாள் பிய்ந்து வந்தது. பென்சில் எழுத்தில் 'கூடாது' என்பதன் பாதி மட்டும் தெரிந்தது. திரும்ப ஒட்டி மாட்டிவிட்டேன். அடுத்த ஆயுதபூஜைக்கு லேப் அசிஸ்டெண்ட் வழக்கம்போல் அதன் கண்ணாடிக்கும் சந்தனம் வைத்தார். அவளைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கம் தனியார் கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. அப்படி ஒரு கல்லூரிக்கு என்னை எக்ஸ்டெர்னலாகப் போட்டிருந்தார்கள். இப்போது நான் டாக்டர், மூத்தவன், எனக்கும் கறிச் சாப்பாடு உண்டு. ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தேன். அந்தப் பாடத்தின் ஆசிரியை எழுந்து வணக்கம் சொன்னாள். அவள்தான்.

கொஞ்சம் இளைத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். "வாங்க சார், நல்லா இருக்கீங்களா? செத்த நேரம் உக்காருங்க, காப்பி சொல்லுதேன்" என்றாள். கோபமோ குத்தலோ எதுவும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. எப்படியோ அவளும் இந்தத் துறையில்தான் இருக்கிறாள், நான் முழுதாகக் கெடுத்துவிடவில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

இந்தக் கல்லூரியிலும் கண்ணாடி பீரோ இருந்தது. பூட்டு தொங்கியது.

ரெக்கார்டுகளை என் முன்னால் அடுக்கி வைத்து, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் நோட்டைத் திறந்தேன். ஜெல் படம். மூன்றாவது வரிசையில் அந்தக் கோடு, தடிப்பாக, அம்புக்குறியோடு. அடுத்த நோட்டிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். எதிரில் நின்ற மாணவியிடம், "இந்தக் கோடு எப்படிம்மா வந்தது?" என்று கேட்டேன். 'அரைகுறையாக வெட்டுப்பட்ட துண்டு' என்ற விளக்கத்தை அவள் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். நல்ல குரல், தடுமாற்றமே இல்லை. நான் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் திரும்பினேன்.

"இது தப்புன்னு ஒனக்குத் தெரியுமேம்மா" என்றேன், மாணவிக்குக் கேட்காத குரலில்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நோட்டையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் கையேட்டிலிருந்து பெரிதாக்கி ஒட்டிய படம் ஒன்று இருந்தது, அதைப் பார்த்தாள்.

"படத்துல இருக்கு சார்" என்றாள்.

எதிரில் அந்தப் பெண் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, கைகளைப் பிசைந்தபடி மதிப்பெண்ணுக்காக நின்றாள். நான் பேனாவை எடுத்தேன். அவளுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். அன்று எல்லா நோட்டுக்கும் பத்துக்குப் பத்துதான் போட்டேன்.